மல்லாந்தும் ஒருக்களித்தும் படுக்க ஓர் அடுக்குத் தலையணை

தலையணை எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டால் ஒற்றை எண்ணாக விடை சொல்ல முடியாது. மல்லாந்து படுப்பவருக்குக் கழுத்தின் வளைவை நிரப்பும் அளவு போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் ஓரத்திலிருந்து காது வரை உள்ள இடைவெளி முழுவதும் நிரம்ப வேண்டும். குப்புறப் படுப்பவருக்குத் தலையணையே இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை. ஒரே ஆள் ஒரே இரவில் இவற்றில் இரண்டுக்கு மாறி மாறிப் புரள்வதுதான் சிக்கல். உயரமான தலையணை ஒருக்களித்தபோது சுகமாக இருந்து, மல்லாந்தவுடன் தாடையை நெஞ்சுக்குத் தள்ளிவிடும்; தாழ்ந்த தலையணை அதற்கு நேர்மாறாகத் தொல்லை தரும். இந்த இரண்டுக்கும் ஒரே தலையணையில் இடம் கொடுக்க ஹட்டனில் எங்கள் வீட்டில் அம்மாவுக்காகச் செய்து பார்த்ததை, அளவுகளோடும் காரணங்களோடும் இங்கே எழுதுகிறேன்.

அம்மா பல ஆண்டுகள் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கூடையின் கயிறு உச்சந்தலையில், பாரம் முதுகில், கால் சரிவில் என்று நிற்கும் அந்த வேலையில் கழுத்து எந்நேரமும் முன்னோக்கி இழுத்தபடியே இருக்கும். அவருடைய கழுத்து வலிக்கு அதுதான் காரணம் என்று மருத்துவர் சொல்லவில்லை. வயதோடு வரும் எலும்புத் தேய்மானம் என்றே சொன்னார். கை மரத்துப் போவதோ, பிடி தளர்வதோ இல்லை என்று அவர் பார்த்துச் சொன்ன பிறகே நான் தலையணையில் கை வைத்தேன். அந்த அறிகுறிகள் உள்ளவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். எந்தத் தலையணையும் அதற்கு ஈடாகாது.

முதல் வேலை அளவெடுப்பது. சுவரில் தோள் படும்படி பக்கவாட்டில் நேராக நிற்க வைத்து, சுவருக்கும் தலையின் பக்கத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஒருக்களித்த கிடைக்கு வேண்டிய உயரத்தின் மேல் எல்லை கிடைக்கும். அம்மாவுக்கு அது 12 சென்ரிமீற்றர். ஆனால் படுக்கும்போது கீழ்த்தோள் சற்று முன்னால் நகர்ந்து அமுங்குவதால் அதில் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் குறைகிறது. அத்தோடு மெத்தையும் தோளை உள்வாங்குகிறது. அம்மா படுக்கும் தேங்காய்த் தும்பு மெத்தை இறுகியது என்பதால் அவருடைய தோள் அதில் 1 சென்ரிமீற்றருக்கு மேல் இறங்குவதில்லை. இதே ஆள் தடித்த, மென்மையான ஃபோம் மெத்தையில் படுத்தால் மூன்று சென்ரிமீற்றர் வரை புதைவார். தரையில் பாய் விரித்துப் படுத்தால் துளியும் புதைய மாட்டார். ஆகவே தலையணையின் உயரத்தை ஆளை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. படுக்கையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். கடையில் தலையணை வாங்கும்போது எந்த மெத்தையில் படுக்கிறீர்கள் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆக, ஒருக்களிக்கும்போது தலை வந்து தங்கும் தலையணையின் பக்கங்களில் தலையின் பாரம் ஏறிய பிறகு 10 சென்ரிமீற்றர் நிற்க வேண்டும். மல்லாந்த கிடைக்கு, சுவரில் முதுகு சாய்த்து நிற்க வைத்துக் கழுத்துக் குழியின் ஆழத்தையும் பின்தலைக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியையும் பார்த்து, தலைக்குக் கீழே 5, கழுத்துக்குக் கீழே 7 என்று முடிவு செய்தேன். கழுத்தில் உள்ள ஏழு முள்ளெலும்புகளும் முன்னோக்கி மெல்ல வளைந்திருப்பதால் கழுத்துக்கு உயரம் கூடவும் தலைக்குக் குறையவும் வேண்டியிருக்கிறது. பெரும்பாலான தலையணைகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. நடு உப்பி, ஓரம் மெலிந்து, கழுத்து அந்தரத்தில் நிற்கிறது.

பாரம் ஏறிய பிறகு என்ற சொற்களை அழுத்திச் சொல்ல வேண்டும். வெறும் தலையணையை அடிமட்டத்தால் அளப்பதில் பயனில்லை. வளர்ந்தவர் ஒருவரின் தலை நாலரை முதல் ஐந்து கிலோ வரை இருக்கும். நாலரைக் கிலோ அரிசியை ஒரு பழைய துணியில் கொட்டி, உருண்டையாக இறுக்கிக் கட்டி வைத்துக்கொண்டேன். உண்மையான தலையை விடச் சற்றுப் பெரிதாக இருந்தாலும், ஒவ்வோர் அடுக்கின் மேலும் அதை வைத்துச் சில நிமிடங்கள் விட்டு, பக்கத்தில் நிறுத்திய அடிமட்டத்தில் மிஞ்சிய உயரத்தைப் படிப்பதற்குப் போதுமானதாக இருந்தது. அம்மாவைப் பகல் முழுவதும் படுத்தெழச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது பொருள். மலையில் இதற்கு விடை கீழ்நாட்டில் உள்ளதைப் போல இருக்காது. நுவரெலியாவில் இருக்கும் அக்கா வீட்டில், அழுத்தினால் விரல் தடம் பதிந்து மெல்ல மீளும் வகையான ஃபோம் தலையணை ஒன்று இருக்கிறது. 1966 இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக விமான இருக்கைகளுக்கென்று உருவாக்கப்பட்ட பொருள் அது. உடல் சூட்டில் இளகி, தலையின் வடிவத்தை வாங்கிக்கொள்வது அதன் சிறப்பு. குளிரில் இறுகுவது அதே சிறப்பின் மறுபக்கம். கொழும்பில் அது நன்றாகவே வேலை செய்யும். 1,868 மீற்றர் உயரத்தில், ஜனவரி இரவில், உறைபனி விழும் காலத்தில், படுத்த முதல் கால்மணி நேரத்துக்குத் தலைக்குக் கீழே பலகை இருப்பதாகத்தான் உணர்வு. ஹட்டன் அவ்வளவு குளிரில்லை என்றாலும், அந்தப் பொருளை நான் தொடவில்லை.

மிஞ்சியவை இரண்டு: இலவம் பஞ்சும் இயற்கை இறப்பர் நுரையும். இறப்பர் நுரை குளிருக்கு அவ்வளவாக இறுகுவதில்லை, அழுத்தியவுடன் மீள்கிறது, பஞ்சைப் போல நாளடைவில் தட்டையாவதில்லை. 1876 இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளிலிருந்து தொடங்கிய இறப்பர், இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கங்களில் பரவியிருப்பதால், மெத்தை செய்து மிஞ்சிய வெட்டுத் துண்டுகள் குஷன் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. எனக்குக் கிடைத்தது 3 சென்ரிமீற்றர் தடிப்பில், ஒரு பக்கம் முழுவதும் பென்சில் பருமனில் துளைகள் கொண்ட துண்டு. இறப்பர் பாலை நுரைக்க வைத்து அச்சில் ஊற்றி வேகவைக்கும் டன்லொப் முறையில் கனமான துகள்கள் அடியில் தங்குவதால் ஒரு முகம் சற்று இறுக்கமாக வருகிறது. இரண்டு முகங்களையும் கட்டைவிரலால் மாறி மாறி அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். இறுகிய முகத்தைக் கீழே வைத்தேன்.

இலவம் பஞ்சின் குணம் வேறு. அதன் இழை உள்ளே வெற்றாக, வெளியே மெழுகு பூசியதாக இருப்பதால் தண்ணீரை எளிதில் ஏற்பதில்லை. ஒரு காலத்தில் உயிர்காப்பு அங்கிகளில் அதையே அடைத்தார்கள். ஆனால் மூடுபனி மாதங்களில் உறைத் துணி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ள, பஞ்சு உள்ளே கட்டி தட்டி, ஓரங்களுக்கு ஒதுங்குகிறது. தென்மேல் பருவத்தில் வெயிலைக் காண்பதே அரிது என்ற எங்கள் பக்கத்தில், பூஞ்சணம் பிடிக்காத பஞ்சுத் தலையணை உள்ள வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தலையணையின் அமைப்பை முழுவதுமாகத் தீர்மானித்த விடயம் ஒன்று உண்டு. இலவம் பஞ்சுக்கு வெயில் வேண்டும். இறப்பர் நுரைக்கு வெயில் ஆகாது. நேர்வெயிலில் காய்ந்த இறப்பர் நுரை மஞ்சளாகி, மேற்பரப்பு நொறுங்கத் தொடங்கும். இரண்டையும் ஒட்டி ஒரே உறைக்குள் பூட்டினால், ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்றதைக் கெடுப்பது உறுதி. அதனால் பசை தொடவே இல்லை. அடுக்குகள் தனித்தனி உறைகளில், நான்கு மூலைகளிலும் தைத்த பருத்தி நாடாக்களால் ஒன்றோடொன்று முடியப்பட்டிருக்கின்றன. முடிச்சை அவிழ்த்தால் பஞ்சு அடுக்கு முற்றத்துக்கும் இறப்பர் அடுக்கு நிழலுக்கும் போகும். பசையைத் தவிர்த்ததில் இன்னொரு லாபமும் உண்டு: பசை காய்ந்த இடம் தலைக்குக் கீழே கோடாக உறுத்தும், வாசனையும் சீக்கிரம் போகாது.

மொத்த அளவு 64க்கு 40 சென்ரிமீற்றர். அடியில் இறப்பர் அடுக்கு. அதன் மேல், மூன்று அறைகளாகப் பிரிக்கப்பட்ட பஞ்சு அடுக்கு. நடு அறை 20 அகலம், இரு பக்க அறைகளும் 22 அகலம். எல்லாவற்றுக்கும் மேலே பஞ்சை மெல்லப் பரப்பிக் குறுக்கும் நெடுக்கும் தையல் ஓட்டிய 1 சென்ரிமீற்றர் விரிப்பு. மல்லாந்து படுக்கும்போது தலை நடு அறையில் இருக்கும். புரளும்போது தலை உருண்டு தானாகவே பக்க அறைக்குப் போகும். பக்க அறைகளின் முன்விளிம்பை, தோள் வந்து நிற்கும் இடத்தில், 3 சென்ரிமீற்றர் உள்வளைவாக வெட்டினேன். தோள் தலையணை மேல் ஏறிவிட்டால் இத்தனை கணக்கும் வீண்.

பஞ்சு அடுக்கைத் தைப்பதில்தான் நேரம் போனது. மேல் துணியையும் அடித் துணியையும் சேர்த்து ஒரே கோடாகத் தைத்து அறை பிரிப்பது சுலபமான வழி. ஆனால் அந்தக் கோட்டில் பஞ்சே இருக்காது, புரளும்போது காது அந்தப் பள்ளத்தில் இறங்கும். அதற்குப் பதிலாக, அறைகளுக்கு நடுவே 4 சென்ரிமீற்றர் உயரமுள்ள தடுப்புத் துணியை நிறுத்தினேன். தடுப்பின் ஒரு விளிம்பை முதலில் மேல் துணியின் உட்புறத்தில் தைத்து, பிறகு மறு விளிம்பை அடித் துணியில் தைக்க வேண்டும். இரண்டாவது தடுப்புக்கு வரும்போது துணி முழுவதும் இயந்திரத்தின் கைக்குக் கீழே சுருண்டு கிடக்கும் என்பதால் அதை வெளிப்பக்கத்திலிருந்து நடுவுக்கு அல்லாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கத்துக்குத் தைத்துப் போவதே வசதி. வெளிப்பக்கச் சுவர் 8 சென்ரிமீற்றர். தடுப்பு 4, சுவர் 8 என்பதால் பக்க அறை உள்ளிருந்து வெளியே சரிவாக உயர்கிறது. பக்க அறையின் மேல் துணியை 25 அகலத்தில் வெட்டினால்தான் பஞ்சு உப்பி நிற்க இடம் கிடைக்கும்.

துணி, தலையணை உறைக்கென்றே விற்கும் நெருக்கமாக நெய்த கோடு போட்ட பருத்தித் துணி. கோடுகள் இருப்பதால் நேராக வெட்டுவதும் எளிது. இலவம் பஞ்சு தையல் துளை வழியாகக்கூட வெளியே வரும். மெல்லிய ஊசி, 2 மில்லிமீற்றர் தையல், உட்புறத் தையல் கோட்டில் தேன்மெழுகுக் கட்டியை அழுத்தித் தேய்ப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கசிவு நிற்கிறது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்காவிடம் கடைசித் தையலைக் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது தலகாணியா, சைக்கிள் சீட்டா?" என்று கேட்டார். உள்வளைவு விளிம்பை எப்படிச் சுருக்கமில்லாமல் மடிப்பது என்று காட்டியவரும் அவர்தான்: வளைவு நெடுக, தையல் கோட்டுக்கு அருகே வரை சிறு சிறு வெட்டுகள் கொடுத்துவிட்டுத் திருப்ப வேண்டும்.

பஞ்சில் பாதி பழைய தலையணையிலிருந்து எடுத்தது. மீதி மகியங்கனைப் பக்கத்திலிருந்து வரும் புதுப் பஞ்சு. இலவ மரம் தாழ்நிலத்து வெப்பத்தில் வளர்வது, எங்கள் உயரத்தில் எதிர்பார்க்க முடியாது. பழைய பஞ்சில் எது தேறும் என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையில் இறுக்கிப் பத்து எண்ணும் வரை வைத்திருந்து, விரல்களை விரிக்க வேண்டும். உயிருள்ள பஞ்சு மெல்ல விரிந்து விரல்களுக்கு மேல் எழும். செத்த பஞ்சு பிடித்த வடிவிலேயே உருண்டையாக நிற்கும். அதை விரலால் பிய்த்தால் இழை நீளமாக வராமல் தூளாக உதிரும். அந்தத் தூளைக் கலந்தால் புதுப் பஞ்சும் சீக்கிரம் அமுங்கிவிடும். விதைகளையும் விரலால் தடவித் தடவிப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரே ஒரு விதை போதும், இரவு முழுவதும் கன்னத்தில் குத்த.

அடைக்கும்போது சன்னல்களைச் சாத்தி, மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டேன். பஞ்சைத் திறந்த பாத்திரத்தில் வைக்காமல் ஒரு துணிப்பையில் போட்டு, பையின் வாயையும் அறையின் வாயையும் ஊசிகளால் சேர்த்துக் குத்தி, வெளியிலிருந்தே பிசைந்து உள்ளே தள்ளினால் வீடு முழுவதும் பறக்காது. பக்க அறைகளுக்கு 200 கிராம் வீதம், நடு அறைக்கு 80 கிராம். நடு அறையின் முன்விளிம்பில், கழுத்துக்காக, 5 சென்ரிமீற்றர் பருமனில் பஞ்சு திணித்த துணிக்குழல் ஒன்றைத் தனியாக வைத்தேன். அறை வாய்களை இயந்திரத்தில் மூடவில்லை; நீளத் தையலாகக் கையால் ஓட்டி வைத்தேன், பிரிப்பதற்கு வசதியாக.

அரிசி உருண்டையை வைத்துப் பார்த்தபோது நடுவில் 5, கழுத்துக் குழல் மேல் 7 நின்றன. பக்கங்களில் 9.5 மட்டுமே வந்தது. இதற்கென்றே பக்க அறைகளின் அடியில் பை போலத் தைத்து வைத்திருந்தேன். அதற்குள் சாதாரண ஃபோமில் வெட்டிய 1 சென்ரிமீற்றர் தகடு ஒன்றைச் செருகினால், அமுங்கிய பிறகு 10ஐச் சற்றே தாண்டியது. உயரத்தைக் கூட்டவும் குறைக்கவும் தையலைப் பிரிக்கத் தேவையில்லை. தகட்டைப் பக்கங்களுக்கு மட்டும் வைத்ததால் நடு உயராது என்பதுதான் இதில் முக்கியம். தலையணைக்குக் கீழே துண்டை மடித்து வைக்கும் வழக்கமான வைத்தியத்தில் மூன்று இடமும் ஒன்றாக உயர்ந்துவிடுகிறது.

ஆளைப் படுக்க வைத்துச் சரிபார்க்க, ஸ்டிக்கர் பொட்டுகள் உதவின. பின்தலை முடியும் இடத்தில் ஒன்று, கழுத்தடியில் குனிந்தால் துருத்தும் எலும்பின் மேல் ஒன்று, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகெலும்பின் மேல் ஒன்று. அம்மாவை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, பின்னால் மெத்தையின் மட்டத்தில் கைத்தொலைபேசியை வைத்துப் படம் எடுத்தேன். மூன்று பொட்டுகளும் மெத்தைக்கு இணையாக ஒரே கோட்டில் வந்தால் உயரம் சரி. மேல் பொட்டு மெத்தைப் பக்கம் சாய்ந்தால் தலையணை தாழ்வு, கூரைப் பக்கம் போனால் உயர்வு. பழைய தலையணையில் மேல் பொட்டு தெளிவாகவே கீழே சரிந்திருந்தது. படுத்தவுடன் எடுக்கும் படத்தை நம்பக் கூடாது. உடல் தளர்ந்து கிடக்கச் சில நிமிடங்கள் ஆகும். அம்மா அந்தச் சில நிமிடங்களில் தூங்கியே விட்டார். எழுப்பிக் கேட்டபோது, "தலகாணி வச்சிருக்கேன்னே தெரியலடா" என்றார். மறுநாள் காலையிலேயே வலி போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை; விடியும்போது கழுத்தைத் திருப்ப முடியாத இறுக்கம் மட்டும் சில வாரங்களில் தளர்ந்தது.

குப்புறப் படுக்கும் தம்பி வந்தால், நாடாக்களை அவிழ்த்து மேல் விரிப்பை மட்டும் இரண்டாக மடித்துக் கொடுக்கிறோம். அந்தக் கிடையில் கழுத்து எப்படியும் ஒரு பக்கம் முறுக்கியே இருக்கும். உயரத்தைச் சேர்த்து அதை இன்னும் மோசமாக்கத் தேவையில்லை.

பராமரிப்பில் ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டும். மழைக் காலத்தில் விறகடுப்புக்கு மேலே கொடி கட்டித் துணி உலர்த்துவது எங்கள் பக்கத்து வீடுகளில் வழக்கம். இலவம் பஞ்சு அடுக்கை அங்கே கொண்டுபோகவே கூடாது. ஒரு பொறி பட்டால் நொடியில் பற்றிக்கொள்ளும் பொருள் அது. வெயில் இல்லாத நாட்களில் அறைக்குள்ளேயே இரண்டு நாற்காலி முதுகுகளுக்கு நடுவே தொங்கவிட்டுக் காற்றாட வைப்பதே பாதுகாப்பு. இறப்பர் அடுக்கை நனைத்துத் துவைக்கவும் வேண்டாம். நீர் ஏறினால் அதன் கனத்திலேயே கிழியும், உலர நாட்கள் ஆகும். துளைகள் உள்ள முகத்தை மேலே வைத்து நிழலில் சாய்த்து வைத்தால் போதும்.

பருவமழை ஓய்ந்த பிறகு மறுபடியும் அரிசி உருண்டையை வைத்து அளந்தேன். இறப்பர் அடுக்கில் மாற்றமில்லை. அம்மா அதிகம் படுக்கும் இடப்பக்க அறை முக்கால் சென்ரிமீற்றர் இறங்கியிருந்தது. கைத்தையலைப் பிரித்து, பஞ்சை வெளியே எடுத்து உதிர்த்து வெயிலில் காயவைத்து, 30 கிராம் புதுப் பஞ்சைக் கலந்து மறுபடி அடைத்ததில் உயரம் திரும்பியது. வலப்பக்கம் அப்படியே இருக்கிறது.

அடுத்தது நுவரெலியா அக்காவுக்கு. அவருடைய தோள் அகலம் கூடியது, சுவரில் அளந்தால் 14 சென்ரிமீற்றர். ஆனால் அவருடைய மெத்தை தோளை மூன்றரை சென்ரிமீற்றர் உள்வாங்குகிறது. தோள் அமுங்குவதையும் கழித்தால் வேண்டியது 9.5. அம்மாவை விடப் பெரிய தோள் உள்ளவருக்கு அம்மாவினுடையதை விடத் தாழ்ந்த தலையணை. அதனால் தகட்டுப் பைகளைத் தைத்துவிட்டு, தகடு இல்லாமலே தொடங்கப் போகிறேன். அவர் எப்போதாவது அந்த மெத்தையை மாற்றினால் தகட்டைச் செருகிக்கொள்ளலாம்.